புதுக்குடித்தனக்காரர்

புதுக்குடித்தனக்காரர் என்பவர், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பல வருடமாகச் சேர்த்த அழுக்கை, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பெற்றுக்கொள்பவர். சென்னையின் எல்லாப் பேட்டைகளிலும் இவர் உண்டு. மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை போன்ற இடங்களில், பீரோ திரும்ப முடியாத மாடிப்படி உள்ள பழைய வீடுகளில் இவரை நன்றாகப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் மூடித் திறப்பதற்குள் இடம் மாறிவிட வேண்டும் என்பதால் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இவருடைய நடமாட்டம் அதிகம். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருவார். காலடியில் மிக்ஸி, பின்சீட்டில் இருப்பவர் மடியில் சாமி படம். ஆடியிலும் மார்கழியிலும் தென்படமாட்டார்.

இவர் வீடு பார்க்கும் விதத்திலேயே பின்னால் வரப்போவதெல்லாம் அடங்கியிருக்கிறது. வீடு காலியாவதற்கு முன்பே காட்டப்படுகிறது. பழைய குடித்தனம் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. பாத்ரூமில் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். “இதுதான் பாத்ரூம்” என்று மூடிய கதவு காட்டப்படும், அவரும் கதவைப் பார்த்துத் தலையாட்டுவார். போதாக்குறைக்கு, வந்தது வீட்டைச் சோதிக்க என்பதே அங்கே மறந்துபோகும். “எத்தனை பேரு? ஆபீஸ் எங்க? நான்வெஜ் உண்டா? ஊர்லேர்ந்து அடிக்கடி ஆளுங்க வருவாங்களா?” என்று ஹவுஸ் ஓனர் அடுக்கும் கேள்விகளுக்கு நல்ல பெயர் வாங்கும்படி பதில் சொல்வதிலேயே அரைமணி நேரம் போய்விடும். திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: “தண்ணி எப்படி சார்?” ஓனருக்கு முன்பாகப் பழைய குடித்தனக்காரரே “தண்ணிக்குக் கஷ்டமே இல்ல” என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஏன் இந்த அக்கறை என்பது அதற்குரிய இடத்தில் வரும்.

அட்வான்ஸைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு வீட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் சேர்த்துக்கொள்கிறது. சென்னையில் இரு தரப்பும் வேறுவிதமாகத்தான் ஒப்புக்கொள்கிறார்கள், அதாவது ஒரு தரப்பு சொல்கிறது, மறு தரப்பு ஒப்புக்கொள்கிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. இவ்வளவும் கைமாறிய பிறகே சாவி வருகிறது. வீட்டை முதன்முதலாக உண்மையில் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

காலியான வீடு பேச ஆரம்பிக்கும். ஹாலில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். சுவர் முழுக்க ஆணி. பாத்ரூம் கண்ணாடியிலும் கதவு நிலையிலும் மெரூன், கறுப்பு, பச்சை எனப் பல அளவுகளில் ஸ்டிக்கர் பொட்டு. சமையலறைச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவில் கேஸ் நம்பர், பால்காரர் நம்பர், பெயர் எழுதாத ஒரு நம்பர். படுக்கையறை மூலையில் ஒரு குழந்தை வளர்ந்த கணக்கு பென்சில் கோடுகளாக ஏறிப் போயிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையில் பல தீபாவளிகளின் எண்ணெய்ப் பிசுக்கு. பரண் மேல் தெர்மோகோல், மூடியில்லாத டிஃபன் கேரியர், மூக்கு உடைந்த ஒரு கொலு பொம்மை. தெர்மோகோலைத் தூக்கிப் போட்டுவிடலாம். பொம்மை சாமி பொம்மை. போன குடித்தனத்துக்கும் அதைப் போட மனம் வரவில்லை, அதற்கு முந்தைய குடித்தனத்துக்கும் வந்திருக்காது. அது அங்கேயே இருக்கும்.

பழைய குடித்தனத்தின் பீரோ நின்ற சுவரில் சுண்ணாம்பு உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிரும். இதற்கு ஓதம் என்று பெயர். செங்கல் உறிஞ்சிய தண்ணீர் உப்பைக் கரைத்துச் சுவரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிட்டுக் காய்ந்து போகிறது. தங்கிய உப்பு படிகமாகி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே பூக்கிறது. மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை இது தொடரும். கண்டுபிடிப்பது மனைவி. “ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க” என்ற குரல் அன்று நாள் முழுக்க ஒவ்வொரு அறையிலிருந்தும் கேட்கும். கணவரின் வேலை ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்வது: “பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்.” நாலாவது அறைக்கு அவர் வருவதில்லை, எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்துகொண்டிருப்பார்.

பால் காய்ச்சும் சடங்கு இந்த அழுக்குக்கு நடுவில் நடந்தாக வேண்டும். நல்ல நேரம் விடியற்காலை 4:30 முதல் 6 வரை என்று அமைந்துவிட்டால், அதற்குள் முழு வீட்டையும் கழுவ முடியாது. அதனால் அடுப்பு வைக்கும் மேடையில் ஒன்றரை அடி சதுரம் மட்டும் தேய்த்துத் துடைத்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, பால் பொங்கவிடப்படும். பொங்கி வழிந்த பால் சதுரத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் பழைய பிசுக்கோடு கலந்துகொள்ளும். மங்களம் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. புது வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும் முதலில் போக வேண்டும் என்று மாமியார் சொல்லிக் கொடுத்திருப்பார். உப்பு ஏற்கெனவே சுவரிலும் குழாயிலும் குடியேறியிருப்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. பழைய வீட்டுத் துடைப்பத்தை எடுத்து வரக்கூடாது என்பதும் அவர் வாக்கு. இது ஒன்றுதான் நடைமுறைக்கு உதவுவது, ஏனென்றால் இந்த வீட்டுக்கு ஒரு துடைப்பம் போதாது.

பிறகு உப்போடு போர். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் உப்புகள் காய்ந்து குழாய் மூக்கிலும் டைல்ஸிலும் வெள்ளைப் பாறையாகப் படிகின்றன. ஷவரின் துளைகளில் பாதி அடைத்து, மீதித் துளைகள் தண்ணீரைக் குளிப்பவர்மேல் படாமல் நாலு பக்கச் சுவருக்கும் அனுப்பும். சோப்புத்தூள் இதைத் தொடாது, அமிலத்துக்குத்தான் கட்டுப்படும். மளிகைக் கடையில் பாட்டிலில் கிடைக்கும் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அதைக் கண்ட கணவருக்கு அன்றைக்கு முதன்முறையாக உற்சாகம் பிறந்து, தேவைக்கு மேல் ஊற்றுவார். உப்போடு டைல்ஸுக்கு நடுவே இருந்த சிமெண்டும் கரைந்து வரும். இன்னும் வெள்ளையாகட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். அந்த ஜன்னலோ, தாழ்ப்பாளோடு சேர்த்துப் பெயிண்ட் அடிக்கப்பட்டதால் திறக்காது.

வாடகை வீட்டுப் பெயிண்ட் தனி ஒரு கலை. பழைய காலத்தில் நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் நீலமும், உதிராமலிருக்க வஜ்ஜிரமோ கஞ்சியோ கலந்து, ஒட்டடை அடித்த பிறகு வெள்ளையடித்தார்கள். காய்ந்ததும் சுவர் பளிச்சென்று இருக்கும், சாய்ந்தால் சட்டையும் பளிச்சென்று ஆகும். இப்போது ஓனர் சொல்லி அடிப்பது ஒற்றைக் கோட். ஒட்டடைக்கு மேல், ஆணிக்கு மேல், சுவிட்ச் போர்டின் ஓரத்துக்கு மேல், சில வீடுகளில் தப்பிக்கச் சோம்பிய பூச்சிக்கும் மேல் அது போகும். “போன வாரம்தான் சார் அடிச்சோம்” என்று ஓனர் சொல்வது பொய் இல்லை.

வீட்டோடு சேர்ந்து வருபவர் வேலைக்கார அம்மா. பழைய குடித்தனத்திடமும் அதற்கு முந்தியவர்களிடமும் வேலை செய்தவர் என்பதால், ஒவ்வொரு கறையின் வரலாறும் அவருக்குத் தெரியும். “அந்தம்மா சமையல்கட்டப் பக்கமே விடமாட்டாங்க. இது அவங்க பையன் சாம்பார் கொட்டுனது” என்று தொல்லியல் துறையினரைக் காட்டிலும் துல்லியமாகக் காலம் கணிப்பார். இவ்வளவு அழுக்கும் தாம் வேலை செய்த காலத்தில்தான் சேர்ந்தது என்ற எண்ணம் அவரையும் உறுத்தாது, கேட்பவருக்கும் தோன்றாது.

அடுத்த கட்டம் ஓனரோடு பேச்சுவார்த்தை. யார் எதைச் செய்ய வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது: சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு; குழாயின் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் வாடகைக்காரர் பொறுப்பு. புதுக்குடித்தனக்காரர் இதைப் படித்திருப்பதில்லை. படித்திருந்தாலும், கீழ் வீட்டில் குடியிருந்து மோட்டார் போடும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் அட்டவணையைக் காட்டமாட்டார். அவர் நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி எடுத்துப் போவார். ஓனர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “இதுக்கு முன்னாடி இருந்தவங்க எட்டு வருஷம் இருந்தாங்க, ஒண்ணுமே சொன்னதில்லையே” என்பார். பட்டியலில் இரண்டு செய்யப்படும். இன்னும் இரண்டுக்கு, “நீங்க செஞ்சுடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்” என்று பதில் வரும். கழிக்கும் மாதம் வருவதில்லை. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பது அரசின் கணக்கு; சப் மீட்டர் போட்ட வீட்டில் அந்த இலவசம் மாடிப்படி ஏறுவதில்லை என்பதும் இந்தச் சந்திப்பில்தான் தெரியவரும்.

பேச்சலர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அழுக்கு கண்ணில் படுவதே இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்து, வாசலிலேயே பையை இறக்காமல் நிற்கும்போதுதான் படும். அம்மா திரும்பிப் போனதும் மறுபடி மறைந்துவிடும்.

குடும்பஸ்தர்களுக்கும் கண் மெல்லப் பழகிவிடுகிறது. முதல் வாரம் வந்த மச்சினருக்கு ஒவ்வொரு கறையும் அருங்காட்சியகப் பொருளாக விளக்கிக் காட்டப்பட்டது. மூன்றாம் மாதம் வரும் சித்தப்பா, “என்னப்பா, சுவரெல்லாம் உப்பியிருக்கு?” என்று கேட்டால் புதுக்குடித்தனக்காரருக்கே கோபம் வரும். “அந்தக் காலத்துக் கட்டடம் சித்தப்பா. இப்ப கட்டறவங்க யாரு இவ்வளவு கனமா சுவர் வைக்கறாங்க? ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்” என்பார். உப்பிய சுவருக்கு முன்னால் அதற்குள் அவருடைய பீரோ போய் நின்றிருக்கும். வேறு எங்கும் அது பொருந்தாது என்பது அவர் சொல்லும் காரணம்.

ஐப்பசியில் கூரை பேச ஆரம்பிக்கும். கோடையில் பார்த்துக் கோடையில் குடியேறிய வீட்டில் ஒழுக்கு இருப்பது வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் தெரியும். சொட்டும் இடத்துக்குக் கீழே ஏற்கெனவே தரையில் வட்டமாக ஒரு வாளித் தடம் இருக்கும். இத்தனை நாள் அதைத் தேய்த்துத் தேய்த்துப் போகவில்லை என்று விட்டது. வாளி அங்கே வைக்கப்படும், சரியாகப் பொருந்தும்.

அடுத்த மே மாதமோ அதற்கடுத்த மே மாதமோ, பதினோரு மாத ஒப்பந்தம் ஒருமுறை வாடகை ஏற்றத்தோடு புதுப்பிக்கப்பட்ட பிறகு, அவர் காலி செய்வதாகச் சொல்வார். இப்போது ஓனர் டார்ச் லைட்டோடு மாடிக்கு வருவார். “சுவர் பூரா ஆணி அடிச்சிருக்கீங்களே” என்பார். அவை வந்தபோதே இருந்தவை என்பதற்குச் சாட்சியான போட்டோக்கள் பழைய போனோடு எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும். அந்தப் பெயிண்ட் அடிக்கப்பட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மீதி அட்வான்ஸ் எப்போது கிடைக்கும் என்பதுதான் விஷயம். அந்தப் பணம் ஓனரிடம் இல்லை. பெண் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ என்றைக்கோ போய்விட்டது. அடுத்து வருபவர் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்துதான் இவருக்குத் திரும்ப வரும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓனர் யாரையோ அழைத்துக்கொண்டு மேலே வரும்போது, மனைவி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். புதியவர் பீரோ பக்கம் பார்க்கக் கூச்சப்பட்டு, “தண்ணி எப்படி சார்?” என்று கேட்பார். ஓனர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் பதில் சொல்லிவிடுவார்.