அவஸ்தைக்காரர்

‘அவஸ்தா’ என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லுக்கு நிலை என்பதே பொருள். நல்ல நிலையா, கெட்ட நிலையா என்று அது வாய் திறப்பதில்லை. தமிழிலே குடியேறிய பிற்பாடோ, சுகமான நிலைகளையெல்லாம் உதறிவிட்டுத் துன்பத்தோடு மட்டுமே அது சகவாசம் வைத்துக்கொண்டது. மரணத்தறுவாயில் இருப்பவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் சடங்கை நம் கத்தோலிக்கர் ‘அவஸ்தை பூசுதல்’ என்றே வழங்கினார்கள். இத்தகைய கனம் வாய்ந்த சொல்லைக் காப்பி ஆறிப்போனதற்கும், செருப்பில் மணல் புகுந்ததற்கும் கூசாமல் பிரயோகிக்கிற மனிதர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

சைவ சித்தாந்திகள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவஸ்தைகளை வகுத்தார்கள். நம் அவஸ்தைக்காரருக்கு முதல் மூன்றே தாராளம். விழித்திருந்தால் ஈ மொய்க்கும். கண்ணயர்ந்தால் சொப்பனத்தில் பழைய மேலதிகாரி வருவார். அயர்ந்து உறங்கிவிட்டாலோ, பால்காரன் கூப்பிட்டது காதில் விழாமற்போன அவஸ்தை.

அவருடைய வாழ்வின் பொற்காலம், 1957-ம் வருஷம் ஏப்ரல் மாதம் நயா பைசா புழக்கத்துக்கு வந்தபோது உதயமாயிற்று. அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பது கணக்கு. அந்தக் காலுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓரணாவுக்கு ஆறு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்று சர்க்கார் அட்டவணை போட்டது. இதைக் கண்ட நம்மவர், மூன்றணாக் காய்கறியை ஓரணா வீதம் மும்முறையாக வாங்கி ஒரு நயா பைசாவைச் சர்க்காரிடமிருந்து மீட்பதென்று சங்கற்பித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் மூன்று நடை நடந்து, “என்ன அவஸ்தை ஐயா இது!” என்று திண்ணையில் சாய்ந்தார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறெந்த முகத்திலும் கண்டதில்லை.

இவ்வளவு இருந்தும், பிறருக்கும் அவஸ்தை உண்டென்பதை மட்டும் அவர் அங்கீகரிப்பதில்லை. பல்வலி என்றால் தமக்கு இரண்டு பல் என்பார். குடல் அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சிநேகிதரைப் பார்க்கப் போனவர், பஸ்ஸில் உட்கார இடங்கிடைக்காத விருத்தாந்தத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தபோது, நோயாளி, தலைமாட்டிலிருந்த ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை உரித்து அவர் கையில் கொடுத்து, “போகும்போதாவது ரிக்ஷா வைத்துக்கொண்டு போங்கள், அண்ணா” என்று ஆறுதல் சொன்னார்.

“கொட்டை நிறைய இருக்கிறதே” என்றார் நம்மவர்.