கடுதாசியே எழுதல, கவருக்கு அலையுதான்

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. ஈமெயில்ல நியூஸ்லெட்டர் விடப் போறியாமே? கூந்தன்குளத்துக்கு வாற பறவைகளப் பத்தி மாசம் ரெண்டு கடுதாசின்னு கேள்விப்பட்டேன். நல்ல காரியந்தான். மொதக் கடுதாசி எங்க? இன்னும் எழுதலியா? அப்போ மூணு மாசமா என்னல பண்ணுத?

ஓகோ, டூல் பாக்கியோ! அதுக்கு ஒரு எக்செல் ஷீட்டு வேற. இருக்குத வசதிக்குப் பச்சை, இல்லாததுக்குச் செவப்பு. ஆட்டோமேஷனாம், செக்மென்டாம், ஏ-பி டெஸ்ட்டாம். சரி, சந்தாதாரர் மொத்தம் எத்தன பேரு? பதினொண்ணா? அதுல ஒண்ணு உங்க அம்மை. இன்னொண்ணு வேற ஐடில நீயே. இவங்கள ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு ஒரு தலைப்பு, மீதிப் பேருக்கு வேற தலைப்பு அனுப்பி, எது ஜெயிக்குன்னு பாக்கப் போறியாக்கும்? பதினொண்ண எப்படில பாதியாக்குவ? அம்மைய ரெண்டாக் கிழிக்கவா?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எழுத வராதவன் டூல் சரியில்லங்கான்.

நான் காலம் பூரா சைக்கிள் மிதிச்சுக் கடுதாசி குடுத்த போஸ்ட்மேன். எனக்குத் தெரிஞ்ச கேள்வி ரெண்டுதான். விலாசம் சரியா இருக்கா? போயிச் சேருமா? அத வச்சுத்தான் உன் டூலையும் பாக்கேன்.

ஜிமெயில்லயே எல்லாரையும் பிசிசில போட்டு அனுப்பினா என்னங்கியா? பதினோரு பேருக்குத் தாராளமா அனுப்பு. ஓசிக் கணக்குல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல விடமாட்டான், அது கெடக்கட்டும். வேண்டாங்கறவன் விலகிப் போக அதுல வழி எங்க இருக்கு? வழி இல்லேன்னா ஸ்பாம்னு அமுக்கிருவான். நாலு பேரு அமுக்குனா அஞ்சாவது ஆளுக்கும் உன் கடுதாசி குப்பைலதான் விழும். 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாகூவும் இதுல ரொம்பக் கறாரு. நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புதவன் ஒரே அமுக்குல விலகுத வசதி வைக்கணும். ஸ்பாம் புகாரு 0.3 சதவீதத்தத் தொடப்பிடாது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு சாட்சி வேற கேக்கான். வேற எவனும் உன் பேரப் போட்டு அனுப்பலங்கதுக்குத்தான் அந்தச் சாட்சி. பதினோரு பேருக்காரன் இதுக்கெல்லாம் மண்டைய ஒடைக்கவா? நல்ல டூலுன்னா அதையெல்லாம் அதுவே பாத்துக்கிடும். அதுக்குத்தான் டூலு. கலர் கலரா டப்பா அடுக்கிக் காட்டுததுக்கு இல்ல.

எத்தன பேரு தொறந்து பாத்தான்னு படம் போட்டுக் காட்டுமேங்கியா? கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்த மெயிலுக்குள்ள ஒளிச்சு வச்சு, அது எறங்குனா தொறந்தாச்சுன்னு கணக்கெழுதுவான். ஆப்பிள் மெயிலு 2021ல இருந்து, ஆளு படிக்கானோ இல்லியோ, அந்தப் படத்த முன்னாலயே எறக்கி வச்சிருது. தூங்குதவனும் படிச்சவனாத் தெரியுவான். அந்தக் கணக்கப் பாத்துப் பூரிச்சா நீதான் ஏமாளி.

ஓசிய நம்பியும் போகாத. மெயில்சிம்ப்புன்னு ஒரு டூலு, 2001ல அட்லாண்டால தொடங்குனது. முன்ன 2,000 பேரு வரைக்கும் ஓசின்னான். 2021ல இன்டியூட்டுக்காரன் 1,200 கோடி டாலருக்கு வெல பேசி வாங்குனான். பொறவு 500 பேருன்னு கொறச்சிட்டான். தப்புன்னு சொல்லல. அவன் கடை, அவன் வெல.

டைனிலெட்டர்னு ஒண்ணு இருந்துச்சு. அதவிட லேசா ஒண்ணு கெடையாது. ஒரு பெட்டி, எழுது, அனுப்பு, அவ்வளவுதான். 2011ல அதையும் மெயில்சிம்ப்பு வாங்குச்சு. 2024 பிப்ரவரி 29ல இழுத்து மூடிட்டான். ரெவ்யூன்னு இன்னொண்ணு. 2021 ஜனவரில ட்விட்டர் வாங்குச்சு, 2023 ஜனவரில கதவச் சாத்திட்டான். ரெண்டே வருசம். கல்யாணத்துக்குப் பந்தல் வாடகைக்கு எடுக்கோம். முடிஞ்சதும் பந்தல்காரன் பிரிச்சிட்டுப் போறான். மொய் நோட்டையும் அவன் வண்டிலயா ஏத்தி விடுவ?

அதனால கணக்குத் தொறந்த அன்னைக்கே ஒரு காரியம் செய்யி. உன் விலாசம் ரெண்டு மூண அதுல சேரு. எக்ஸ்போர்ட்டுங்கற பொத்தான் எங்க இருக்குன்னு தேடு. அமுக்குனா சிஎஸ்வின்னு ஒரு கோப்பு எறங்கணும். தொறந்து பாரு. பேரும் விலாசமும் சேர்ந்த தேதியும் வரிசையா நிக்குதா? பொத்தானே ஆம்புடலியா? அந்தச் சவத்த அப்பவே தள்ளு. அவன் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். பொறவு மாசாமாசம் ஒரு நகல் உன் கைல இருக்கணும்.

எதத்தான் எடுக்கன்னு கேக்கியா? சப்ஸ்டாக்க எடு. 2017ல சான் பிரான்சிஸ்கோல தொடங்குனான். அலங்காரம் பண்ண அதுல பெருசா ஒண்ணும் கெடையாது, ஒனக்கு அதுவே நல்லது. சும்மா அனுப்புதவனுக்குக் காசில்ல. சந்தா வாங்குனா பத்துக்கு ஒண்ணு அவனுக்கு. அந்தக் காசும் ஸ்ட்ரைப்னு பணம் வாங்கிக் குடுக்குத கம்பெனி வழியாத்தான் வரும். ஸ்ட்ரைப்காரன் 2024ல இருந்து இந்தியாவுல கூப்பிட்ட ஆளுக்குத்தான் கதவத் தொறக்கான். நாரையப் பத்தி எழுத இப்பவே துட்டா கேக்கப் போற? சப்ஸ்டாக்கு புடிக்கலன்னா பட்டன்டவுனு. மொத 100 பேருக்கு ஓசி. ஆரவாரம் இல்லாதது.

நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைல ஆபீஸ் வச்சிருக்க ஜோஹோக்காரங்ககிட்டயும் கேம்பெயின்ஸ்னு ஒண்ணு இருக்கு. அது யாவாரிக்கு. நீ நாளைக்குக் கருப்பட்டி விக்கப் போனா அத எடுத்துக்கிடு. லிஸ்ட்மங்க்னு ஒண்ண எவனாவது சொல்லுவான். ஜீரோதாவுல இருக்க கைலாஷ் நாத் உருவாக்குனது. நல்ல சாமான்தான், யாரு வேணும்னாலும் காசில்லாம எடுத்து ஓட்டலாம். ஆனா சர்வரு உன்னுது, அனுப்புத வழி உன்னுது, ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்னா முழிச்சிருக்க வேண்டியவனும் நீதான். இப்பமே அந்தப் பக்கம் போகாத.

நத்தகுத்தி நாரை இந்த வருசம் வந்திருக்கா? எந்த மரத்துல கூடு? அத எழுதி நாளைக்குக் காலைல அனுப்பு.

என்னது, லோகோவா? எந்திரிச்சுப் போல!