33-ஆம் படி ஏற விரும்புவோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமா? யாராவது வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே ஓர் உறுப்பினரைப் பிடித்துக் கேட்க வேண்டும். பிறகு அவர்களின் உள்ளூர்ச் சங்கமான லாட்ஜில் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். பெட்டியில் கறுப்பு உருண்டை விழுந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

தேறியவர்கள் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிடவும். கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, கால்சட்டையை முழங்கால் தெரியச் சுருட்டித்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். முதல் படியில் பயிலுநர், இரண்டில் தோழர், மூன்றில் மாஸ்டர். மூன்றாவதில் கொஞ்சம் சாகவும் தெரிந்திருக்க வேண்டும். சாலமோன் கோயிலின் தலைமைச் சிற்பி ஹைராம், ரகசியத்தைச் சொல்ல மறுத்து உயிரைவிட்ட கதையில் ஹைராம் வேடம் உங்களுக்குத்தான். பயம் வேண்டாம், எழுப்பிவிடுவார்கள். இந்தச் சடங்கை 1730-லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் லண்டனில் புத்தகமாகப் போட்டு விற்றுவிட்டார் என்பதை மட்டும் அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளாதீர்கள், சிரிப்பு வந்துவிடும்.

சட்டப்படி இதற்குமேல் உயர்ந்த படி கிடையாது. ஆனால் 33 என்று ஓர் எண் இருக்கும்போது மூன்றோடு நிற்க யாருக்கு மனம் வரும்? ஸ்காட்டிஷ் ரைட் கிளைக்குப் போங்கள். ஸ்காட்லாந்தில் தேட வேண்டாம். வேர் பிரான்சில், முதல் தலைமைச் சபை 1801-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில். நான்கு முதல் 32 வரையிலான படிகளில் பலவற்றை நாடகமாக மேடையேற்றுவார்கள். இருக்கையில் சாய்ந்தபடி ஒரே வார இறுதியில் ஏறி முடித்தவர்கள் உண்டு. 22-இல் அரச கோடரி வீரர், 25-இல் வெண்கலப் பாம்பு வீரர், 32-இல் அரச ரகசியத்தின் மேன்மைமிகு இளவரசர். கடைசிப் பட்டத்தை வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டாம். 33-ஆம் படி மட்டும் கௌரவப் பட்டம். அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது. வாய்விட்டுக் கேட்டீர்களோ, போச்சு.

இறகுத் தொப்பி, வாள் ஆகியவற்றில் மோகம் உள்ளவர்கள் யார்க் ரைட் என்ற இன்னொரு கிளை வழியாக நைட்ஸ் டெம்ப்ளர் ஆகலாம். கிறிஸ்தவ நம்பிக்கை கட்டாயம்.

எனக்குப் பிடித்தது ஃப்ரீமேசன்களுக்கு மட்டுமான ஷ்ரைனர்கள் சங்கம்தான். 1872-இல் நியூயார்க்கில் தொடங்கியவர்கள். சிவப்புக் குல்லாய் அணிந்து, பொம்மை போன்ற கார்களில் ஊர்வலம் போவார்கள். 1922 முதல் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளும் நடத்துகிறார்கள். முன்பெல்லாம் இதில் சேர, மேலே சொன்ன கிளைகளில் ஒன்றில் ஏறி முடித்திருக்க வேண்டும். 2000-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படியே போதும். மற்ற படிகளுக்குச் செலவழிக்காமல் மிச்சமாகும் பணத்தில் நல்ல குல்லாயாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.