தகரத்துக்கு ஜாதகம் கேட்ட மாப்ளைக்கு

வாய்யா மாப்ள! மாட்டுக்கொட்டகைக்கு ஜி.ஐ. ஷீட்டு எடுத்துட்டியாமே. கடையில எது கண்ணைக் கூசுச்சோ அதைத்தான் தூக்கியாந்திருப்பே. உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்பவும் செவப்பா இருக்கான்னுதானே முதல்ல கேட்டே! சரி, அந்தப் பேச்சை விடு, உள்ள அக்கா மக காதுல விழுந்துரப் போகுது.

தகரத்து மேல பூப்பூவா விரிஞ்சிருக்கே, அதைப் பார்த்துத்தானே மயங்கினே? சுமார் 450 டிகிரியில உருகிக் கெடக்குற துத்தநாகத்துல இரும்பை முக்கி எடுப்பாங்க. அது ஆறி உறையுறப்ப விழுற கோலம்தான் அந்தப் பூ. அந்தக் காலத்துத் துத்தநாகத்துல ஈயம் கலந்திருக்கும், பூ கையகலத்துக்கு விரியும். இப்ப ஈயத்தைக் கொறைச்சுட்டாங்க, பூவும் சிறுத்துப்போச்சு. பூ பெருசுன்னா பூச்சு கனம்னு உனக்கு எந்த மகராசன் சொன்னான்?

கேக்க வேண்டியது கிராம் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு, ரெண்டு பக்கமும் சேர்த்து, 120 கிராமும் உண்டு, 275 கிராமும் உண்டு. 275ன்னாலே ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான் தேறும். கடையில வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே மினுக்குதான். உப்புக்காத்தோ மாட்டு மூத்திரமோ பட்டாத்தான் எது எதுன்னு தெரியும். பில்லுல கிராமை எழுதச் சொன்னியா? மாட்டியே. பேரம் பேசவே உனக்கு நேரம் பத்தாது.

கொஞ்ச நாள்ல தகரம் சாம்பல் பூத்துரும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சட்டையைப் பிடிக்கப் போயிராதே. காத்தும் ஈரமும் பட்டுத் துத்தநாகம் தனக்குத்தானே போட்டுக்கிட்ட தோல்யா அது. அடியில இருக்குற பூச்சைக் காப்பாத்துறதே அதுதான். ஆனா புதுத் தகரத்தை நனைஞ்சபடி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சா, நடுவுல காத்துப் போகாம வெள்ளை வெள்ளையா மாவு பூக்கும். அது வேற, அது நோவு.

அப்புறம், கம்பிக் கடையில போயி "பழைய இரும்பை உருக்கினதா?"ன்னு மூஞ்சியைச் சுளிச்சியாமே. இரும்புக்கு என்னய்யா குலம் கோத்திரம்? எத்தனை தடவை உருக்கினாலும் இரும்பு இரும்புதான். தாதுவுல இருந்து எடுக்குற பெரிய ஆலைக்காரனும் உலையில கொஞ்சம் பழைய இரும்பைப் போடத்தான் செய்யுறான். கெடுக்குறது கூட வர்ற சகவாசம். காயலான் கடை மோட்டார்ல ஒட்டிக்கிட்டு வர்ற செம்பை உலையில பிரிக்க முடியாது. அது கூடிப்போனா, காய்ச்சி உருட்டுறப்பவே இரும்பு வெடிப்பு விடும். குஜராத்து அலங்குல ஒடைக்கிற கப்பல் தகட்டை உருக்காமலே காய்ச்சிக் கம்பியா உருட்டுறவங்களும் உண்டு. அதனால கம்பிக்குரிய ஐ.எஸ். 1786 தர முத்திரை இருக்கா, சோதனைச் சீட்டு குடுப்பானான்னு கேளு. லேசாத் துரு படிஞ்சிருந்தா பயப்படாதே. செதில் செதிலா உதிர்ந்தா வண்டியைத் திருப்பு.

கொட்டகைத் தூணு ஜி.ஐ. பைப்புதானே? அடியில ஒரு முழத்துக்குக் காங்கிரீட்டு மேடை கட்டி அது மேல நிறுத்து, மூத்திரம் தேங்கி அரிக்காது. வெல்டிங் வச்ச எடத்துல பூச்சு எரிஞ்சு போயிருக்கும், துத்தநாகப் பெயின்ட்டை அடிச்சு விடு. பூச்சு எரியுறப்ப கிளம்புற வெள்ளைப் புகையை வெல்டிங்காரன் மூக்குல வாங்காம பார்த்துக்க. சாயங்காலம் காய்ச்சல்ல படுத்தான்னா கஞ்சி வைக்கிற செலவும் உன் தலையிலதான்.