கொஞ்சம் கட்டிக்கிட்டு நடங்க சார்

ஓசூரில் யாராவது உங்கள் கையைப் பிடித்து ஒரு வாட்சைக் கட்டிவிட்டால் மகிழ்ந்துபோகாதீர்கள். அது அன்பளிப்பு இல்லை, வேலை உத்தரவு. கட்டிவிட்டவர் பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் சேர்க்கிறவர். அவரிடம் வாட்ச் ஒரு பீரோ நிறைய இருக்கிறது, கை இரண்டுதான். மிச்சக் கைகளை அவர் ஊரில்தான் தேட வேண்டும்.

சாவி கொடுக்கிற வாட்ச் என்றால் காலையில் பல் தேய்த்த கையோடு திருகி வைத்துவிடலாம். பேட்டரி வாட்ச் கேட்பாரற்றுக் கிடந்தாலும் ஓடும். ஆட்டோமேட்டிக் அப்படியில்லை. உள்ளே ஒரு பக்கம் மட்டும் கனமாக ஒரு தகடு. ரோட்டார் என்பார்கள். கை அசைய அசைய அது சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள், நின்றுவிடும். நின்றால் என்ன, மறுபடி ஆட்டினால் ஓடாதா என்று கேட்டுவிடாதீர்கள். "எண்ணெய் கெட்டியாயிடும் சார்" என்பார். சொல்லும்போதே குரல் கம்மும். சொந்த அத்தையை ஐ.சி.யூ.வில் சேர்த்தபோதுகூட அவருக்கு அந்தக் குரல் வரவில்லை.

ஆகவே ஊரில் உள்ளவர்களை அவர் கை அசைவைக் கொண்டுதான் அறிவார். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் காலையில் கை வீசி நடப்பவருக்கு ஒரு வாட்ச் உறுதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவருக்கு வணக்கம் மட்டும். சிப்காட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவர் உத்தமர். சி.என்.சி. மெஷின் முன்னால் நின்று பட்டன் தட்டுகிறவரால் அவருக்குப் பிரயோஜனம் இல்லை. "ஆட்டோமேஷன் வந்து எல்லார் கையும் கெட்டுப்போச்சு" என்று ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டிய கையைத் தூக்கிக் காட்டி வருத்தப்படுவார். அதிலுள்ள வேடிக்கை அவருக்கு உறைக்காது.

ஓசூர் மூன்று மொழி ஊர் என்பது அவருக்கு மூன்று மடங்கு வசதி. "கொஞ்சம் கட்டிக்கிட்டு நடங்க சார்" என்பார் நம்மிடம். பாகலூர் ரோட்டில் கன்னடக்காரரைக் கண்டால் "ஸ்வல்ப கட்கொள்ளி சார்." தெலுங்கு பேசும் மளிகைக் கடைக்காரரிடம் "கொஞ்செம் கட்டுகோண்டி சார்." எந்த மொழியிலும் மறுக்கத் தெரியாதவர்கள்தான் அவருடைய சேகரிப்பைக் காலம் காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எந்த வாட்ச் யார் கைக்கு என்பதில் சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கிக்கொள்ளும் சீக்கோ என்றால் யாருக்கும் கொடுக்கலாம். 1959இல் அவர்கள் கண்டுபிடித்த மேஜிக் லீவர் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு பக்கம் சுற்றினால் மட்டும் முறுக்கும் வகைக்கு நன்றாகக் கை வீசுகிற ஆள் வேண்டும். அவர் உயிரையே வைத்திருக்கும் பம்பர் வகைக்கோ ஆள் கிடைப்பது அரிது. அதில் ரோட்டார் முழு வட்டம் சுற்றாது. பாதி தூரம் போய் ஒரு ஸ்பிரிங்கில் இடித்துத் திரும்பும். இடிப்பது மணிக்கட்டில் லேசாகத் தெரியும். வெடுக் வெடுக்கென்று கையை வெட்டிப் பேசுகிறவர்தான் அதற்குத் தோது. எங்கள் குடியிருப்பில் அரசியல் பேசுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1940களின் ஒமேகா ஒன்று அவர் கையில்தான் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. தேர்தல் நெருங்கினால் அது பிரமாதமாக ஓடும். முடிவு வந்த மறுநாள் நின்றுவிடும்.

கொடுத்ததோடு விட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் வந்து கணக்குக் கேட்பார். என் கையில் ஒருமுறை கிழமை காட்டும் சீக்கோ 5 இருந்தது. வாங்கிப் பார்த்தார். திங்கட்கிழமை 2.40க்கு நின்றிருந்தது. கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நாற்பது மணி நேரம் பின்னால போனா சனிக்கிழமை ராத்திரி 10.40. அதுக்கப்புறம் கையை அசைக்கவே இல்லையா சார்? ஞாயித்துக்கிழமை பூரா படுத்தே கிடந்தீங்களா?" பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஞாயிறன்று வங்கி வேலையாக அலைந்ததாக நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வங்கி ஏது என்று அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவரோடு சாப்பிடப் போவது இன்னொரு தண்டனை. அவர் சாப்பிட வருவதில்லை, பரோட்டா மாஸ்டரின் வலது கையைப் பார்க்க வருகிறார். மாவை வீசி, விசிறி, சுருட்டி, கடைசியில் அடுக்கி இரு கையாலும் அடிக்கிற அடியைப் பார்த்து, "இந்தக் கையில ரெண்டு மணி நேரம் போதும் சார், புல் சார்ஜ்" என்று பெருமூச்சு விடுவார். கேட்டும் பார்த்தார். மாஸ்டர் மைதா படிந்த கையை நீட்டினார். அவர் வாட்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூசிதான் எமன்.

தூசி என்றதும் ஜான் ஹார்வுட் வந்துவிடுவார். இங்கிலாந்துக்காரர், வாட்ச் ரிப்பேர் செய்தவர். முதல் உலகப் போர்க்கால வாட்சுகளில் சாவி கொடுக்கும் திருகு வழியாகத்தான் தூசியும் ஈரமும் நுழைகின்றன என்று கண்டார். திருகே வேண்டாம், கை அசைவே முறுக்கட்டும் என்று ஒரு வாட்ச் செய்து 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை வாங்கினார். முள்ளைத் திருப்ப வேண்டுமென்றால் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டும். 1770களிலேயே பெர்லே என்கிற சுவிஸ்காரர் பாக்கெட் வாட்சில் இதை முயன்றார் என்றாலும், சட்டைப்பையில் கிடக்கிற வாட்ச் எவ்வளவு அசையும்? கைக்கு வந்த பிறகுதான் யோசனை பலித்தது. ஆனால் ஹார்வுடுக்குப் பணம் பலிக்கவில்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம், 1931இல் கம்பெனி மூடப்பட்டது. அதே 1931இல்தான் ரோலெக்ஸ், ரோட்டார் முழு வட்டம் சுற்றுகிற ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்து பேரைத் தட்டிக்கொண்டு போனது. இந்த இடத்தில் நம்மவர் இலையைப் பார்த்தபடி சற்று மௌனமாக இருப்பார். பரோட்டா ஆறிப்போயிருக்கும். சால்னாவும்தான்.

மற்ற பழக்கங்களைச் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. மணி கேட்டால் மொபைலை எடுத்துப் பார்த்துச் சொல்வார். ஞாயிறு தோறும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் சந்தைக்குப் போய் யாரோ தாத்தாவின் எச்.எம்.டி.யோடு திரும்புவார். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் தொழிற்சாலையின் காஞ்சன், ரஜத் இரண்டும் ஆட்டோமேட்டிக். ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய காஞ்சன் இப்போது தராசில் போட்ட பழைய சாமான்களுக்கு நடுவே கிடைக்கிறது. 2016இல் எச்.எம்.டி. வாட்சஸை மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்த பிறகு விற்கிறவர்களும் உஷாராகிவிட்டார்கள். டயல் புதிதாகப் பெயின்ட் அடித்ததா, ஒரிஜினலா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதில் ஒரு ஞாயிறு போய்விடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவரால் நன்மையும் உண்டு. எங்கள் மாடியில் ஒருவருக்குச் சர்க்கரை. டாக்டர் சொல்லியும், மகள் அழுதும் நடக்காதவர், "நீங்க உட்கார்ந்தா அது நின்னுடும் சார்" என்று ஒரு காஞ்சனைக் கட்டிவிட்டதும் நடக்கத் தொடங்கினார். தன் உயிருக்காக எழாதவர் வாட்சின் உயிருக்காக எழுந்தார். இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாட்சை முடுக்கிவிட ஒரு பெட்டி விற்கிறதே, மின்சாரத்தில் சுற்றுமே, வாங்கக்கூடாதா என்று நம்மவரிடம் கேட்டால், "அதுல மனுஷக் கை இல்லையே சார்" என்பார். அந்த ஒரு பதிலுக்காக அவரை மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. பேட்டரி வாட்சைக் கண்டால் "பொம்மை" என்பார். எந்த ஊரில் நின்றுகொண்டு? 1984இல் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி இங்கே தொழிற்சாலை போட்டபோது, நாடே சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. இவர்கள் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்தான் எதிர்காலம் என்று துணிந்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத திருகைப் பிடிக்கப் பழக்கினார்கள். மைராடா அமைப்பின் முயற்சியில் கிராமத்துப் பெண்கள் வாட்ச் செயின் கோக்கக் கற்றுக்கொண்டார்கள். 2002இல் வந்த டைட்டன் எட்ஜ் 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான். இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக் கடன் அந்தப் "பொம்மை"யில் அடைந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ரிப்பேர்க்காரரின் மனக்கஷ்டம் தெரிந்தவருக்கு, வாட்ச் வேலையிலேயே தலை நரைத்த பெண்மணி எதிர்வீட்டில் இருப்பது தெரியாது. அவர் கண்ணுக்கு அந்த அம்மாள் காலையில் வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுகிற ஒரு வலது கை. அவ்வளவுதான்.

போன மாதம் அந்தக் கையிடமும் போனார். "அக்கா, கோலம் போடுறப்ப கொஞ்சம் கட்டிக்கோங்க" என்று ஒரு ரஜத்தை நீட்டினார். அந்த அம்மாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாங்கி, காதருகே வைத்து மெல்ல ஆட்டிக் கேட்டார்கள்.

"ரோட்டார் உரசுது. சர்வீஸ் குடுங்க. இப்படியே ஓட்டினா உள்ள பொடி விழும்."

"அக்கா, உங்களுக்கு எப்படி..."

"ரிட்டையர் ஆகற வரைக்கும் வாட்ச் வேலைதான் சார் பார்த்தேன்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். "அங்க மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் போட்டுடுவாங்க. நீங்க எத்தனாந்தேதி போடுவீங்க?"