அசல் போலி

1990-களில் ஜொகூரில் வளர்ந்த பையன்களில் நிண்டெண்டோவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மைக்ரோ ஜீனியஸ்தான். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் தைவான் நகல் அது. பாசார் மாலாமில் கேசட் விற்ற தவுக்கேயிடம் "இது ஒரிஜினலா?" என்று கேட்டால், "ஒரிஜினல் தைவான்" என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது. கேசட் அட்டையில் "9999999 இன் 1" என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டு தேறும். மிச்சமெல்லாம் அதே மாரியோதான்: ஒன்றில் மூன்றாம் உலகத்திலிருந்து கிளம்புவான், இன்னொன்றில் நிலாவில் நடப்பவன் மாதிரி மிதப்பான்.

நாற்பதைத் தாண்டியபின் ஒரு நாள் அந்த மாரியோவைப் பார்க்க ஆசை வந்தது. மைத்துனனிடம் சொன்னேன். சிங்கப்பூரில் கணினி வேலை செய்பவன். விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடப்பவன். "அதுக்கென்ன மச்சான், எமுலேட்டர் போட்டா அஞ்சு நிமிஷம்" என்றான். பாலத்தைக் கடப்பதற்கும் அவன் அஞ்சு நிமிஷம்தான் என்பான்.

பழைய இயந்திரங்களைக் கணினியில் நடிக்க வைக்கும் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளை இறக்கினோம். திறந்தால் உள்ளே விளையாட்டு கிடையாது. முதலில் "கோர்" ஏற்ற வேண்டுமாம். ஃபேமிகாமுக்கு ஒரு கோர், மெகா டிரைவுக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று. பிளேஸ்டேஷன் என்றால் அதோடும் முடியாது. பயாஸ் கோப்பு வேண்டும். 512 கிலோபைட், பெயர் எஸ்சிபிஹெச்5501. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். அரசாங்க முகப்பிடங்களில் பழகியவன் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று மனைவி கேட்டாள். மைத்துனன் கையோடு வழக்கைச் சொன்னான். பிளேஸ்டேஷனைக் கணினியில் நடிக்க வைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. மறு வருஷம் சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. வழக்கில் தோற்றவன் கடையையே வாங்கிவிடும் இந்த யோசனை எங்கள் ஊர்ச் சீட்டுக்காரர்களுக்கு இன்னும் தோன்றாதது நம் பாக்கியம்.

ஆக எமுலேட்டரில் குற்றமில்லை. விளையாட்டுக் கோப்பில்தான் சிக்கல். நாணயமானவர்கள் சொல்லும் வழி, நாம் காசு கொடுத்து வாங்கிய கேசட்டிலிருந்து நாமே நகல் எடுப்பது. அம்மா வீட்டுப் பரணில் என் கேசட் இன்னும் இருக்கிறது. காசு கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தக் கேசட்டே திருட்டாயிற்றே! திருட்டுச் சரக்குக்கு நான்தான் நியாயமான உரிமையாளன் என்று 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் போய் நிற்பது?

கடைசியில் மைத்துனன் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜப்பானிய ஃபேமிகாம் கேசட் ஒன்றையும் அதைப் படிக்கும் கருவியையும் வாங்கி வந்தான். சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985. மொத்தமே 40 கிலோபைட். அத்தை தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் பூங்கொத்து இதைவிடப் பெரியது. எங்கள் பரம்பரையில் அசல் கேசட் ஒன்று வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. சாமி மேடையில் வைக்காத குறை.

விளையாட்டைத் தொடங்கினேன். எதிரே வந்த முதல் காளான் என்னைக் கொன்றது. மறுபடியும் கொன்றது. எட்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் கண்ணைத் திறந்துகொண்டே விழுந்தேன். பாட்டுகூட யாரோ துரத்துவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. "வயசாயிருச்சு மச்சான்" என்றான் மைத்துனன், மிகுந்த அனுதாபத்தோடு.

எனக்கு வயதாகவில்லை, அதற்குத் தொழில்நுட்ப ஆதாரம் உண்டு. மலேசியத் தொலைக்காட்சிகள் அந்தக் காலத்தில் பால் முறையில் ஓடின. திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி, 60 முறை. மாரியோ கடிகாரம் பார்த்து நடப்பவன் அல்லன். திரை ஒருமுறை மாறினால் ஒரு பங்கு நகர்வான். 50-க்கு மாற்றிய நகல் இயந்திரத்தில், அசல் மாரியோ ஆறடி வைக்கும் நேரத்தில் எங்கள் மாரியோ ஐந்தடிதான் வைத்தான். காளானும் அப்படியே, பாட்டும் அப்படியே. எங்கள் தாமான் பையன்கள் அத்தனை பேரும் ஆறில் ஒரு பங்கு தள்ளுபடியில் சூரர்களானவர்கள்.

எமுலேட்டரில் "பால்" என்று ஒரு தேர்வு இருந்தது. போட்டேன். வேகம் குறைந்தது, கூடவே பாட்டின் சுருதியும் இறங்கிவிட்டது. ஐரோப்பாவுக்கென்று நிண்டெண்டோ செய்த அசல் பால் இயந்திரத்தில் செயலியே மெதுவாக ஓடும். ஒலியும் அதோடு சேர்ந்து தாழும். இது எங்கள் வீட்டு மாரியோ அல்ல, ஏதோ ஜெர்மானிய மாரியோ.

அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு தேர்வு: "டெண்டி". 1992-இல் ரஷ்யாவில் யானைப் படம் போட்டு விற்ற ஃபேமிகாம் நகல் அது. விசாரித்தால் சாட்சாத் மைக்ரோ ஜீனியஸ் குடும்பம், ஸ்டிக்கர்தான் வேறு. வேகம் 50, சுருதி ஏறக்குறைய அசலுக்குரியது. சோவியத் யூனியன் உடைந்த மறுவருஷம் மாஸ்கோ பையன் எந்த மாரியோவை ஆடினானோ அதே மாரியோவைத்தான் எங்கள் மாசாய் பையனும் ஆடியிருக்கிறான். ரஷ்யர்கள் எமுலேட்டர் எழுதினார்கள், பட்டியலில் தங்கள் போலியின் பெயரையும் ஏற்றிக்கொண்டார்கள். நாம் மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த எமுலேட்டர் எழுதுகிறவர்கள் தனி ரகம். சூப்பர் நிண்டெண்டோவின் 3.58 மெகாஹெர்ட்ஸ் செயலியைப் பிசகாமல் நடிக்க வைக்க 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று பிஎஸ்நெஸ் எழுதியவர் 2011-இல் அறிவித்தார். அசலுக்கு அவ்வளவு மரியாதை! போலிக்கும் அதே மரியாதை உண்டு என்பதுதான் என்னைக் கவிழ்த்தது. பல நகல் இயந்திரங்களின் ஒலிச் சில்லில் இரண்டு அமைப்புகள் இடம் மாறிக் கிடந்தன. அதனால் சில சத்தங்கள் அசலைவிட மூக்கடைப்பாகக் கேட்கும். தைவானில் எவரோ செய்த அந்தப் பிழையை இன்னொருவர் உட்கார்ந்து ஆராய்ந்து, பிழையாகவே ஒலிப்பதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார். அதில் டிக் போட்டேன். மாரியோ காசு பொறுக்கினான். அம்மா அடுப்படியிலிருந்து "டிவி கெட்டுப்போயிரும்டா" என்று கத்தாதது ஒன்றுதான் குறை.

பழைய டிவியைப் போலத் திரையைக் கெடுத்துக் காட்டவும் சிஆர்டி ராயல் மாதிரி வடிகட்டிகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டு ஏரியல் காற்றில் திரும்பும்போது சிங்கப்பூர் சேனலின் செய்தி வாசிப்பாளர் மாரியோவின் பின்னால் மங்கலாக நிற்பாரே, அதற்கு இன்னும் யாரும் வடிகட்டி எழுதவில்லை.

டெண்டியில் போட்டதும் முதல் உலகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். மைத்துனனும் முடித்தான். குளுவாங்கில் வளர்ந்தவன், அவன் மாரியோவும் ஐம்பதுதான். என் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, லேக் அடிக்குது" என்றான். கையை நீட்டி என்டிஎஸ்சிக்கு மாற்றி, என்னைக் கொன்ற காளானை மிதித்துக்கொண்டு போய்விட்டான். "ஸ்லோவா வச்சி ஆடுறது சீட்டிங், மாமா" என்று மைத்துனனுக்கு நீதி வேறு.

வாக்கெடுப்பு வைத்தோம். இரண்டுக்கு ஒன்றில் டெண்டி வென்றது. மனைவி நடுநிலை வகித்தாள். அவள் டெட்ரிஸ் மட்டும்தான் ஆடுவாள், கட்டை எந்த வேகத்தில் விழுந்தாலும் அவளுக்குச் சம்மதம். டெட்ரிஸ் கேசட்டுக்குத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரிஜினல்தான் வேண்டுமாம், தைவான் வேண்டாமாம்.