முன்னிலையில ஆறு பேரு

வாங்க வக்கீலய்யா, உட்காருங்க. பேரன் கறுப்புக் கோட்டு மாட்டிட்டா தாத்தனும் மரியாதை கொடுக்கணும்லா. கோர்ட்டு வாசல்ல வ.உ.சி.க்குக் கல்வெட்டு வைக்கப் போறீகளாமே? வாசகத்தைக் கொண்டாங்க, பாப்போம்.

'தலைமை' ஒரு வரி. 'திறந்து வைத்தவர் மாண்புமிகு' மூணு வரி. ஏ யப்பா, முன்னிலையில மட்டும் ஆறு பேரு நிக்காக! வ.உ.சி. எங்கடா? ஓ, அடியில, மிச்சம் கெடந்த எடத்துல 'நினைவாக'ன்னு ஒண்டிக்கிட்டு இருக்காரா? எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற கல்தச்சனுக்கு நல்ல அறுவடைதான்.

எழுதுனா நடந்ததை எழுதுலே. 1908 சூலை 7, திருநெல்வேலியில பின்ஹே துரை தீர்ப்புச் சொன்னான். ராசதுரோகத்துக்கு 20 வருசம். சுப்பிரமணிய சிவாவுக்கு வீட்டுல இடங்கொடுத்ததுக்கு இன்னொரு 20. விருந்தாளிக்குச் சோறு போட்டா 20 வருசம்னா, உங்க ஆச்சி ஆயுசு பூரா களிதான் தின்னிருப்பா. அப்பீல்ல தண்டனை குறைஞ்சு, 1912 கடைசியில வெளிய வந்தா கையில வக்கீல் சன்னது இல்ல, புடுங்கிட்டாக. பல வருசம் கழிச்சு அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவரும் ஒரு வெள்ளக்கார ஜட்ஜுதான், வாலஸ். அந்த நன்றிக்குத்தான் மகனுக்கு வாலீஸ்வரன்னு பேரு வச்சாரு மனுசன். அந்தச் சன்னதோடதான் கோயில்பட்டிக்கு வந்து தொழில் பாத்தாரு. இதுல எந்த வரிடா கல்லுல ஏறாது?

என்ன முழிக்க? கோர்ட்டு கொடுத்த தீர்ப்பைக் கோர்ட்டு சுவத்துலயே குத்தம் சொல்லலாமான்னா? பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போய்ப் பாரு. அதே 1908, அதே சூலை, 22-ந் தேதி, திலகருக்கு ஆறு வருசம் தீட்டுனாரு ஜட்ஜு தாவர். 1897-ல இதே திலகருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த வக்கீலும் இந்தத் தாவர்தான். நாற்காலி ஒசந்தா கண்ணு தெரியாது போல. ஜூரி என்ன சொன்னாலும் நான் குத்தவாளியில்லன்னு அன்னைக்குத் திலகர் சொன்ன பேச்சை, 1956-ல அந்தக் கோர்ட்டே கல்லுல எழுதி வச்சிருச்சு. திறந்து வச்சவரு சீப் ஜஸ்டிஸ் சாக்ளா. நீ இப்பத்தான் வாய்தா வாங்கப் பழகுற, அதுக்குள்ள கோர்ட்டு மானத்தைப் பத்தி ஒனக்கென்ன கவலை?

அந்த ஆறு பேரு கோவிச்சுக்குவாகளா? அதுக்கும் வழி இருக்கு. அவுக பேரையெல்லாம் கல்லுக்குப் பின்பக்கம் வெட்டச் சொல்லு, தங்க எழுத்துலயே வெட்டட்டும். கொத்தனாரு சிமிண்டைக் கொழைச்சு நல்லாப் பூசிருவாரு.